தண்டுவடம் அடிபட்டவர் பாய்ப்படகு ஓட்டலாமா? ஓட்டலாம், ஆனால் வள்ளத்தில் கட்டிவைத்து அல்ல

கல்குளம் வட்டத்தின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து 29 வயது வாசகர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பள்ளி முடித்ததிலிருந்து அண்ணனோடு ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆடி மாதத்தில், கரை பிடிக்கும் நேரத்தில் அலை வள்ளத்தைத் தூக்கி அடித்ததில் முதுகெலும்பு முறிந்தது. மார்புப் பகுதியின் ஐந்தாம் முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் முழுமையாகப் பாதிக்கப்பட்டிருப்பதாக மருத்துவமனைச் சீட்டில் இருக்கிறது. கைகள் இரண்டும் நன்றாக இயங்குகின்றன. நெஞ்சுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை கதீட்டர் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுகிறார். கால் இறுக்கத்துக்கு பாக்லோஃபென் மாத்திரை எடுக்கிறார். போன ஆண்டு உட்காரும் இடத்தில் வந்த படுக்கைப்புண் நான்கு மாதம் கழித்து ஆறியது.

கைபேசியில் வந்த ஒரு காணொளியில், வெளிநாட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் சிறிய பாய்ப்படகை ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. நீர் விளையாட்டு நடத்தும் ஒரு தனியார் நிறுவனத்திடம் கேட்டதற்கு, "வீல்சேர்காரங்கள ஏத்துறதில்ல, இன்சூரன்ஸ் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன், "நம்ம வள்ளத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலிய போல்ட் போட்டு இறுக்கி, உன்ன வேட்டியால கட்டி உக்கார வெச்சு, பாயும் கட்டித் தாறேன்" என்கிறார். அம்மா இதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. முதுகெலும்பு உடைந்த இந்தியப் பாய்ப்படகு வீரர் அபிலாஷ் டோமியே உலகைச் சுற்றினாரே, எனக்கு என்ன என்று கேட்கிறார் வாசகர். நீச்சல் தெரிந்தவனுக்கு லைஃப் ஜாக்கெட் அவசியமா, மறுத்த நிறுவனத்தின் மீது புகார் கொடுக்கலாமா, பாராலிம்பிக் போட்டிக்குத் தயாராகலாமா என்பவை அவருடைய மற்ற கேள்விகள்.

அன்புள்ள தம்பி,

உங்கள் ஆசை நியாயமானது. உங்களைப் போன்ற பாதிப்பு உள்ளவர்கள் பல நாடுகளில் தினமும் செய்வதுதான் இது. உங்கள் அண்ணனின் யோசனை மட்டும் உங்கள் உயிரை எடுத்துவிடக்கூடியது. அவர் பாசத்தில் சொன்னதுதான், இருந்தாலும் மற்றக் கேள்விகளுக்கு முன்னால் அதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஏன் கட்டக் கூடாது

கவிழ்ந்த வள்ளத்திலிருந்து விலகி மேலே வர ஒருவருக்குக் கிடைப்பது சில நொடிகள். வேட்டியோ கயிறோ நனைந்தால் முடிச்சு இறுகும். பாரம் ஏறிய முடிச்சைத் தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு யாராலும் அவிழ்க்க முடியாது. உங்களுக்கு வயிற்றுத் தசைகளும் கீழ் விலாத் தசைகளும் வேலை செய்யாததால் மூச்சை அடக்கும் நேரமும் குறைவு, இருமும் வலுவும் குறைவு. கொஞ்சம் தண்ணீர் நுரையீரலுக்குள் போனாலே அதை இருமி வெளியே தள்ள முடியாமல் பிறகு நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

பிளாஸ்டிக் நாற்காலி இன்னொரு சிக்கல். அதில் உட்கார்ந்தால் உங்கள் எடை வள்ளத்தின் விளிம்புக்கு மேலே நிற்கும். உடம்பின் நடுப்பகுதியைத் தாங்கும் தசை இல்லாதவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சாய்வார். சாயும் எடை வள்ளத்தை மேலும் சாய்க்கும். அதற்கு மேல் பாயும் காற்று வாங்கினால், கவிழ்வதற்கு வேண்டிய மூன்று காரணங்களும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன.

காணொளியில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஹன்சா வகைப் படகாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் கிறிஸ் மிட்செல் உருவாக்கிய வடிவம் அது. அதில் ஹன்சா 303 என்பது 3.03 மீட்டர் நீளம், 1.35 மீட்டர் அகலம். இருவர் பக்கத்தில் பக்கத்தில், முன்னோக்கி உட்காரலாம். இருக்கை துணியால் ஆனது, ஏறக்குறைய படகின் அடித்தளத்திலேயே தொங்கும். நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் பலகையின் அடியில் சுமார் 30 கிலோ கனம் இருக்கிறது. உட்காருபவரின் எடை தாழ்வாகவும், எதிர் எடை அதற்கும் கீழேயும் இருப்பதால்தான் அந்தப் படகு சாய்ந்தாலும் திரும்பி நிமிர்கிறது. காற்று கூடினால் பாய்மரத்தையே சுழற்றி, பாயை அதன் மேல் சுருட்டிக் குறைக்கலாம். அதற்கு எழுந்து நிற்கவோ இடம் மாறவோ தேவையில்லை. காணொளியில் நீங்கள் கவனித்தது ஜாய்ஸ்டிக்கை. உங்களைக் காப்பாற்றப்போவது அந்த 30 கிலோவும் தாழ்ந்த இருக்கையும்தான்.

உடம்பு சாயாமல் இருக்கப் பிடிமானம் வேண்டுமே என்று கேட்பீர்கள். வேண்டும்தான். இருபுறமும் விலாவைத் தாங்கும் நுரைத் திண்டுகளும் உயரமான முதுகுச் சாய்வும் முதலில் வைத்துப் பார்க்க வேண்டியவை. அதுவும் போதாது என்றால் மட்டும் நெஞ்சுப் பட்டி. அது அகலமான வெல்க்ரோ பட்டியாக இருக்க வேண்டும். ஒரே இழுப்பில் நீங்களும், பக்கத்தில் இருப்பவரும் பிரிக்க முடிய வேண்டும். கரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையால், இரண்டு கைகளாலும் தனித்தனியே பிரித்துப் பாருங்கள். ஒரு முறை தடுமாறினாலும் அந்தப் பட்டி வேண்டாம். கால்களை எதோடும் கட்டக் கூடாது. இறுக்கம் வந்து கால் உதறினால் முழங்கால்களுக்கு நடுவிலும் பக்கங்களிலும் நுரைக் கட்டைகள் வைத்தால் போதும்.

அபிலாஷ் டோமியைப் பற்றி

2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி அவருடைய முதுகெலும்பு உடைந்தது உண்மை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 2022இல் தொடங்கிய கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாக உலகைச் சுற்றி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாகக் கரை சேர்ந்ததும் உண்மை. ஆனால் அவருக்கு உடைந்தது எலும்பு. தண்டுவடம் தப்பியதால் மறுபடி நடந்தார், மறுபடி பாய்மரம் ஏறினார். உங்களுக்கு எலும்போடு தண்டுவடமும் அடிபட்டிருக்கிறது. அவரை அளவுகோலாக வைத்துக்கொண்டால் தேவையில்லாமல் உங்களையே குறைவாக நினைப்பீர்கள், இல்லையென்றால் தேவையில்லாத துணிச்சல் காட்டுவீர்கள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய பெயர் பிரிட்டனின் ஹிலாரி லிஸ்டர். கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியாத நிலையில், குழாய்களில் மூச்சை உறிஞ்சியும் ஊதியும் சுக்கானையும் பாயையும் இயக்கி, 2005இல் ஆங்கிலக் கால்வாயைத் தனியாகக் கடந்தவர். அவருக்கு அந்த மின்கருவி தேவைப்பட்டது. கைகள் முழுதாக இயங்கும் உங்களுக்குத் தேவையில்லை. சாதாரணக் கயிறும் கப்பியும் ஜாய்ஸ்டிக்கும் போதும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். உங்களுக்குக் கடல் தெரியும். கச்சான் காற்று எப்போது ஏறும், வாடை எப்போது விழும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று எந்தப் பயிற்சியாளரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த அறிவு தண்டுவடத்தோடு போகவில்லை. ஆனால் நீங்கள் எஞ்சின் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனது உங்கள் தாத்தா காலம். எஞ்சின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும். ஹன்சாவின் ஜாய்ஸ்டிக்கிலோ தள்ளிய பக்கமே படகு திரும்பும். அவசரத்தில் பழைய கைப்பழக்கம்தான் முந்திக்கொள்ளும். எஞ்சினை அணைத்தால் வேகம் குறையும் என்ற பழக்கத்துக்கும் இங்கே இடமில்லை. நிறுத்த வேண்டுமானால் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, பெரியவர்கள் தாமான் என்று சொல்வதை, விட்டுவிட வேண்டும். பாய் காற்றை உதறிப் படபடக்கும், படகு தளரும். முதல் நாள் கற்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்: பயம் வந்தால் கயிற்றை விடு.

உடம்பு பற்றி நீங்கள் கேட்காதவை

உங்கள் கடிதத்தில் "ஒரு டாக்டர் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்றார்" என்று ஒரு வரி இருக்கிறது. அவர் காரணம் சொல்லவில்லை போலிருக்கிறது. எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு, முழுத் தடைக்கு இல்லை.

ஆறாம் மார்பு முள்ளெலும்பு அல்லது அதற்கு மேல் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும் ஆபத்து இருக்கிறது. ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்பார்கள். நீங்கள் ஐந்தாம் மட்டம், அதனால் இந்த வரிசையில் வருகிறீர்கள். உணர்வில்லாத பகுதியில் ஏதோ ஒன்று உடம்பை உறுத்தும்: நிரம்பிய சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், லைஃப் ஜாக்கெட்டின் இறுகிய தொடைப்பட்டி, காலுக்கடியில் மாட்டிய கயிறு. அது உங்களுக்கு வலியாகத் தெரியாது. தலை இடிப்பதுபோல வலிக்கும், முகமும் கழுத்தும் சிவந்து வியர்க்கும், மூக்கடைக்கும், மயிர் கூச்செறியும். தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மேல் இரத்த அழுத்தம் வழக்கமாகவே 90 முதல் 110 வரைதான் இருக்கும். மற்றவர்களுக்குச் சாதாரணமான 140 உங்களுக்கு ஆபத்தான எண்ணாக இருக்கலாம். அதனால் நலமாக இருக்கும் நாளில் உங்கள் அழுத்தத்தை அளந்து ஒரு அட்டையில் எழுதி வையுங்கள்.

இது படகில் வந்தால் படுக்க வைக்கக் கூடாது. மயக்கம் என்று நினைத்து எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். படுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்து, பட்டி, லைஃப் ஜாக்கெட், பெல்ட், ஷூ எல்லாவற்றையும் தளர்த்தி, கதீட்டர் போட்டுச் சிறுநீரை வெளியேற்றி, காலுக்கும் இடுப்புக்கும் அடியில் ஏதாவது அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். சில நிமிடத்தில் தலைவலி குறையாவிட்டால், உங்கள் மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்த மாத்திரையோடு நேரே மருத்துவமனைக்கு. இதைப் படகில் கூட வருபவர், மீட்பு வள்ளம் ஓட்டுபவர், வீட்டில் இருப்பவர் மூவருமே அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது தோல். ஆறிய படுக்கைப்புண்ணின் தழும்பு பழைய தோலின் வலுவை ஒருபோதும் திரும்பப் பெறாது. ஈரமான உப்புத் துணி, உட்கார்ந்த இடத்தில் சறுக்கல், தடித்த தையல் போட்ட ஜீன்ஸ் மாதிரிக் கெட்டியான மடிப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்தில் புண் வரும். முதல் நாட்களில் தண்ணீரில் 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மார்பைத் தொடைமேல் சாய்த்து இரண்டு நிமிடம் எடையை இறக்குங்கள். பக்கவாட்டில் சாயாதீர்கள், படகும் கூடச் சாயும். கரைக்கு வந்ததும் நனைந்த துணியை மாற்றிவிட்டு, கைபேசியில் படம் எடுத்தாவது உட்காரும் இடத்தைப் பாருங்கள். சிவப்பு 30 நிமிடத்தில் மறையவில்லை என்றால், அது மறையும்வரை அந்த இடத்தில் உட்காரவே கூடாது, படகில் மட்டுமல்ல. திறந்த புண் இருக்கும் காலத்தில் காயல் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். ஊர்க்கழிவு கலக்கும் நீர் அது.

வெறுங்காலோடு வள்ளத்தில் ஏறிய பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வெயிலில் காய்ந்த ஃபைபர் தளம் உணர்வில்லாத காலைச் சுட்டுப் புண்ணாக்கும், நீங்கள் அறியவே மாட்டீர்கள். விரல்கள் மூடிய, தண்ணீர் வடியும் ஷூ போடுங்கள்.

நெஞ்சுக்குக் கீழே உங்களுக்குச் சரியாக வியர்க்காது. அதனால் உடம்புச் சூடு இறங்காது. காலை 9 மணிக்குள் கரை திரும்புங்கள். தலையையும் கழுத்தையும் நனைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். சூடும் ஏறும், சிறுநீர்த் தொற்றும் வரும். இறங்குவதற்கு முன்பே கதீட்டர் போட்டுவிடுங்கள், ஒரு மாற்று செட்டும் சுத்தமான நீரும் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். பாக்லோஃபெனைப் படகுக்காக நிறுத்துவதோ நேரம் மாற்றுவதோ கூடாது. திடீரென்று நிறுத்தினால் இறுக்கம் கடுமையாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம்.

நீச்சலும் லைஃப் ஜாக்கெட்டும்

உங்களுக்குத் தெரிந்தது கால் உதைத்து நீந்தும் நீச்சல். இப்போது கால் உதைக்காது. இறுக்கம் வந்தால் மடங்கிக்கொண்டு உடம்பையே புரட்டும். அதனால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், அதிலும் எது என்பது முக்கியம். சுற்றுலாப் படகுகளில் கிடைக்கும் பல ஜாக்கெட்டுகள் 50 நியூட்டன் அளவு மிதவை தருபவை. விழிப்போடு நீந்துபவரைத் தாங்கும், மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது. உங்களுக்குக் கழுத்துப்பட்டை உள்ள 150 நியூட்டன் ஜாக்கெட்டைப் பரிந்துரைக்கிறேன். அதில் தொடைப்பட்டி இருக்க வேண்டும், இல்லையேல் ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மூடும்.

எந்த ஜாக்கெட்டையும் கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். தண்டுவடம் அடிபட்டவர்களின் கால் தசை மெலிந்திருக்கும், எடை பகிர்வு மாறியிருக்கும். ஒருவரை மல்லாக்க வைக்கும் ஜாக்கெட் இன்னொருவரைக் குப்புறத் தள்ளும். நாகர்கோவில் பக்கம் ஏதாவது ஒரு நீச்சல் குளத்தில், நெஞ்சளவு நீரில், இரண்டு பக்கமும் ஆள் நிற்க, சோதித்துப் பாருங்கள். முதலில் மல்லாந்து, பிறகு பக்கவாட்டில், கடைசியாகக் குப்புற. குப்புறக் கிடந்து தானாகவோ கையால் ஒரே தள்ளலிலோ முகம் மேலே வர வேண்டும். வராவிட்டால் வேறு ஜாக்கெட். இந்தச் சோதனை முடியாமல் படகில் ஏறுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே விதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்போது, எப்படி ஏறுவது

கரையிலிருந்து அலையை வெட்டிப் போவதை அடியோடு மறந்துவிடுங்கள். உங்களுக்கு விபத்து நடந்ததே அந்த இடத்தில்தான். நம் கடற்கரையில் காற்றே இல்லாத நாளிலும் தூரத்துக் கடலில் பிறந்த பெருவீச்சு கரையில் எழும். கள்ளக்கடல் என்று உங்கள் ஊரிலேயே சொல்வார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட அலைதான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. காயலில் ஓட்டும் நாளிலும் அதைப் பாருங்கள்.

தொடங்க ஏற்ற இடம் மூடிய நீர்தான்: மணக்குடிக் காயல், தேங்காப்பட்டணத்தில் தாமிரபரணி கடலில் சேரும் முன் விரியும் பகுதி, அல்லது அணை நீர். மணக்குடிப் பகுதி சுசீந்திரம், தேரூரோடு சேர்த்துப் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையிடம் எழுதிக் கேட்காமல் அங்கே படகு இறக்க வேண்டாம். அணை நீர் என்றால் நீர்வளத் துறை. எந்தக் காயலானாலும் பொழி, அதாவது காயலையும் கடலையும் பிரிக்கும் மணல் திட்டு, உடைந்திருக்கும் நாட்களில் வேண்டாம். வெளியே இழுக்கும் ஓட்டத்தைப் பாயால் எதிர்க்க முடியாது. மாதங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று உள்நாட்டு நீரையும் விடாது.

பாய்ப்படகு விபத்து என்றால் எல்லோரும் கவிழ்வதை நினைக்கிறார்கள். உண்மையில் எலும்பு முறிவதும் தோல் கிழிவதும் பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். மூன்று ஆண்டு நடக்காத காலின் எலும்பு சுண்ணாம்பு இழந்து மெலிந்திருக்கும். கால் மாட்டி முறுக்கினாலே தொடையெலும்பு முறியலாம், வலிக்காததால் வீக்கம் வந்த பிறகே தெரியும். அதனால் வரிசை மாறாமல் இப்படிச் செய்யுங்கள்:

படகை முன்னும் பின்னும் இறங்குதுறையோடு கட்டி, ஒருவர் படகுக்குள் உட்கார்ந்து அதை அணைத்துப் பிடிக்க வேண்டும். யாரும் ஏறுவதற்கு முன்பே கனப்பலகை, அதாவது அடியில் கனம் உள்ள அந்த நடுப்பலகை, முழுதாக இறங்கியிருக்க வேண்டும். பாய் சுருட்டியே இருக்கட்டும்.

சக்கர நாற்காலியைத் துறைக்கு இணையாக நிறுத்தி பிரேக் போட்டு, முதலில் துறை விளிம்பில் போட்ட தடித்த மெத்தைக்கு மாறுங்கள். நாற்காலியிலிருந்து நேராகப் படகுக்கு இறங்கக் கூடாது.

கால்களை ஒவ்வொன்றாக ஒருவர் கையால் எடுத்துப் படகுக்குள் வைக்க வேண்டும். பிறகு ஒருவர் பின்னாலிருந்து உங்கள் அக்குள் வழியே கைவிட்டு முன்கையைப் பிடிக்க, மற்றவர் முழங்காலுக்கடியில் பிடிக்க, ஒருவர் மட்டும் எண்ணிச் சொல்லித் தூக்கி இறக்க வேண்டும். தோலை உரசி இழுப்பது வேண்டாம்.

துறைக்கும் படகுக்கும் உயர வித்தியாசம் முழங்கால் அளவுக்கு மேல் இருந்தால் ஆள் தூக்குவது சரிவராது, தூக்கும் சட்டம் வேண்டும். எஞ்சின் தூக்கும் செயின் பிளாக்கைப் பயன்படுத்தலாமா என்று அண்ணன் கேட்பார். கொக்கியும் சட்டமும் உங்கள் எடையைப் போல இரண்டு மடங்கு மணல் மூட்டையைத் தாங்கிக் காட்டிய பிறகு, நோயாளிகளைத் தூக்குவதற்கென்றே தைத்த தொட்டிலோடு மட்டும். வலைத்துண்டிலோ கயிற்றிலோ தொங்கக் கூடாது.

நீங்கள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க, எஞ்சின் பூட்டிய மீட்பு வள்ளம் ஒன்று பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் அண்ணனின் கைத்திறன் உண்மையில் தேவைப்படும் இடம் இது. உங்களை நெருங்கும்போது எஞ்சினை முழுதாக அணைக்க வேண்டும், நியூட்ரல் போதாது. வள்ளத்தின் விளிம்பில் நனைத்த தார்ப்பாயோ நுரை மெத்தையோ போட்டு, உங்கள் முதுகு வள்ளத்தைப் பார்க்க, இருவர் ஜாக்கெட்டின் தோள்பட்டியைப் பிடித்து மேலே எடுக்க வேண்டும். இதைக் காயலில் இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்த்த பிறகே பாய் விரிக்கலாம். கோவாவில் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்புப் பயிற்சியும் விசைப்படகுப் பயிற்சியும் தருகிறது. அண்ணன் அதில் ஒன்றை முடித்தால் உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் துறைக்கே நல்லது.

படகு எங்கிருந்து வரும்? சொந்தமாக வாங்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சென்னையில் உள்ள பாய்ப்படகு மன்றங்களுக்கு எழுதி, கனப்பலகையும் தாழ்ந்த இருக்கையும் உள்ள படகு இருக்கிறதா, சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஏற்றும் வசதி உண்டா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். நம் மாவட்டத்து ஃபைபர் வள்ளம் கட்டுபவர்களுக்கு இப்படி ஒரு படகைச் செய்யும் கைவேலை நிச்சயம் உண்டு. ஆனால் கனத்தையும் பாய் அளவையும் கணக்கிடக் கப்பல் வடிவமைப்புப் படித்த பொறியாளர் வேண்டும். செய்து முடித்ததும் உங்கள் எடையும் கூட வருபவரின் எடையும் சேர்ந்த மணல் மூட்டைகளை ஒரே பக்க விளிம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். படகை நீரால் நிரப்பியும் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று தோற்றாலும் அதில் ஆள் ஏறக் கூடாது.

மறுத்த நிறுவனம் பற்றி

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 3ஆம் பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. நியாயமான நோக்கத்துக்கு அளவோடு பொருந்தும் செயல் என்று காட்ட முடிந்தால் மட்டுமே விதிவிலக்கு. 29ஆம் பிரிவு பொழுதுபோக்கையும் 30ஆம் பிரிவு விளையாட்டையும் பற்றிப் பேசுகின்றன. மாற்றுத்திறனாளி என்பதால் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட ஜீஜா கோஷ் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. ஆளைப் பார்க்காமல், நிலையைக் கேட்காமல், வீல்சேர் என்பதற்காகவே மறுப்பது தவறு.

ஆனால் தம்பி, அந்த நிறுவனத்தின் பக்கமும் ஒன்று இருக்கிறது. அவர்களிடம் இருப்பது ஜெட் ஸ்கியும் வாழைப்பழ மிதவையும் என்றால், உடம்பின் நடுப்பகுதியைப் பிடித்து நிறுத்த முடியாதவரை அவற்றில் ஏற்ற மறுப்பது நியாயமான பாதுகாப்புக் காரணமாக நிற்கக்கூடும். அதனால் புகாருக்கு முன், என்ன படகு, என்ன காரணம், என்ன மாற்றம் செய்தால் ஏற்றுவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலோ "வீல்சேர் கூடாது" என்று மட்டும் வந்தாலோ, அதை இணைத்து நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், சென்னையில் மாநில ஆணையரிடமும் மனு கொடுக்கலாம். விசாரணையில் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. "எது நடந்தாலும் என் பொறுப்பு" என்ற தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் படித்துவிட்டுப் போடுங்கள். அவர்களுடைய கவனக்குறைவுக்கான பொறுப்பு அந்தத் தாளால் மட்டும் தானாக மறைந்துவிடாது.

பாராலிம்பிக் பற்றிச் சுருக்கமாக: 2000 சிட்னி முதல் 2016 ரியோ வரை பாய்ப்படகு பதக்க விளையாட்டாக இருந்தது. டோக்கியோவிலும் பாரிஸிலும் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலிலும் இல்லை. ஹன்சா 303, 2.4 மீட்டர் வகைப் படகுகளுக்கு உலக அளவில் மாற்றுத்திறனாளிகள் போட்டிகள் நடக்கின்றன. பதக்கத்தை நினைத்து இதில் இறங்காதீர்கள்.

கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத இன்னொன்று. தொழிலுக்குப் போன இடத்தில் அடிபட்டவர் நீங்கள். மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர் குழு விபத்துக் காப்பீடு, நிரந்தர முழு ஊனத்துக்கு 5 லட்சம் ரூபாய் தருகிறது. விபத்து நடந்த ஆண்டில் உங்கள் பெயர் அதில் பதிவாகியிருந்ததா, கோரிக்கை கொடுக்கப்பட்டதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள்.

இனி செய்ய வேண்டியது, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையிலோ உங்களைப் பார்க்கும் மறுவாழ்வு மருத்துவரிடமோ போய், "போகலாமா, கூடாதா" என்று கேட்காமல், எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியவை: தழும்பின் நிலை, எத்தனை மணி நேரம் தொடர்ந்து உட்காரலாம், வழக்கமான இரத்த அழுத்தம், தலைவலி வந்தால் கொடுக்க வேண்டிய மாத்திரையும் அளவும். அந்தத் தாள் கையில் இருந்தால் எந்த மன்றத்திலும் பேச்சு வேறு மாதிரித் தொடங்கும். அம்மாவிடம் இதையெல்லாம் வாயால் சொல்லி நம்ப வைக்க முயல வேண்டாம். நீச்சல் குளத்தில் ஜாக்கெட் சோதிக்கும் நாளன்று அவரையும் கூட்டிப் போங்கள். தொடைப்பட்டியை எப்படி மாட்டுவது, தலைவலி வந்தால் ஏன் படுக்க வைக்கக் கூடாது என்பதை அண்ணனுக்குச் சொல்லும்போதே அவருக்கும் சொல்லிக் கொடுங்கள்.